காணாமல் போய்த் திரும்பி வரும் எஸ்எஸ்டி: சரிசெய்வதா, வாரண்டிக்கு அனுப்புவதா, புதிது வாங்குவதா?

"காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் டிரைவையே காணவில்லை. அணைத்துவிட்டுப் போட்டேன், வந்துவிட்டது. மூன்று நாள் ஒழுங்காக ஓடியது. நேற்று மறுபடியும் காணவில்லை. என்ன செய்யட்டும்?"

கடலூரிலும் பாண்டியிலும் தெரிந்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கும் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் நாலு பேரிடம் யோசனை கேட்டுக் குழம்பிய பிறகுதான் வருகிறார்கள். கேபிளை மாற்று என்று ஒருவர் சொல்லியிருப்பார். வாரண்டி இருக்கும்போது என்ன யோசனை என்று இன்னொருவர். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு என்று மூன்றாமவர். மூன்றுமே சில சமயம் சரியான யோசனைதான். எது எப்போது சரி என்று பிரித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரேயடியாகச் செத்துப்போன டிரைவைவிட, வந்து வந்து போகும் டிரைவைப் பார்த்தால்தான் எனக்குப் பயம் அதிகம். செத்துப்போனால் அன்றைக்கே ஏதாவது செய்வோம். திரும்பி வந்துவிட்டால் "சரியாகிவிட்டது" என்று நம்பி வேலையைத் தொடர்வோம். பழைய ஹார்ட் டிஸ்க் கெடும்போது பல சமயம் டக் டக்கென்று சத்தம் வரும். சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டிக்குள் சுற்றும் பாகமே கிடையாது, அதனால் சத்தமும் கிடையாது. இப்படி இடையிடையே மறைவதைத்தான் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

## எந்த வழியானாலும், முதலில் காப்பி

டிரைவ் தெரிகிற நேரத்தில் வேறு எதையும் செய்யாதீர்கள். வெளி டிஸ்க் ஒன்றைச் செருகி, திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள்: போட்டோக்கள், கணக்கு ஃபைல்கள், எழுதிய கோப்புகள். சினிமாவும் சாஃப்ட்வேரும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். காப்பி நடக்கும்போதே டிரைவ் மறைந்து மறைந்து போனால், லினக்ஸ் லைவ் பென்டிரைவில் ஏற்றி டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியை ஓட்டுங்கள். எதுவரை எடுத்தோம் என்பதை அது தனி ஃபைலில் குறித்துக்கொள்ளும். டிரைவ் திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.

இரண்டு விஷயங்களைச் செய்யவே கூடாது. திரும்பி வந்த டிரைவைப் பார்த்து விண்டோஸ் "இனிஷியலைஸ் செய்யட்டுமா" என்று கேட்டால் கேன்சல் கொடுங்கள். இரண்டாவது, காப்பி முடியும் முன் விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டாதீர்கள். அது பழுதைத் திருத்துவதாக நினைத்து டிரைவில் எழுதும். தடுமாறிக்கொண்டிருக்கும் டிரைவில் எழுதுவது இருப்பதையும் கெடுத்துவிடலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியையும் ஐந்து கேள்விகளால் எடைபோடுகிறேன். தப்பு டிரைவில் இருக்கிறதா, டிரைவுக்குப் போகும் வழியில் இருக்கிறதா? உள்ளே இருப்பதற்கு இன்னொரு காப்பி உண்டா? வாரண்டி மிச்சம் உண்டா, பில் கையில் உண்டா? எத்தனை நாள் அந்த மிஷின் இல்லாமல் சமாளிக்க முடியும்? கடைசியாகப் பணம்.

பணத்தைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் செலவு செய்தால் அந்தப் பணம் வீண். திருப்பாதிரிப்புலியூரில் கல்யாண ஆல்பம் செய்யும் நண்பர் ஒருவருக்கு, டெஸ்க்டாப்பில் இருந்த சாட்டா எஸ்எஸ்டி (கேபிளில் இணைக்கும் வகை) வீடியோ எக்ஸ்போர்ட் செய்யும்போதெல்லாம் மறைந்தது. யோசிக்காமல் புதிது வாங்கிப் போட்டார். பத்து நாளுக்குள் புதியதும் மறைந்தது. எஸ்எம்பிஎஸ்ஸின், அதாவது கேபினெட்டுக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டியின், பழைய நான்கு முள் ஒயரிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் சிறிய அடாப்டர் ஒன்று நடுவில் இருந்தது. அதில் ஒரு முள் தளர்ந்துபோயிருந்தது. பழைய டிரைவ் இன்றும் நன்றாக ஓடுகிறது.

அதனால் சோதனை இதுதான்: அதே டிரைவை வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். வேறொரு நல்ல டிரைவை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள். தப்பு டிரைவோடு போகிறதா, இடத்திலேயே நிற்கிறதா என்று சில நாளில் தெரிந்துவிடும். கழற்றும் முன் ஒன்று: டிரைவ் விண்டோஸின் பூட்டான பிட்லாக்கரில் பூட்டியிருந்தால் வேறு மிஷினில் திறக்க 48 இலக்க ரெகவரி கீ வேண்டும். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்களில் உங்களுக்குத் தெரியாமலே பூட்டியிருக்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு ஸ்க்ரூவைத் தொடுங்கள்.

மறைகிற நேரமும் நிறையச் சொல்லும். விண்டோஸ் நடந்ததையெல்லாம் பதிந்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் 129 என்ற எண்ணோடு, டிரைவை ரீசெட் செய்ததாகப் பதிவுகள் இருக்கிறதா பாருங்கள். அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். லேப்டாப் தூங்கி எழும்போது என்றால் பவர் சேமிப்பு அமைப்பின் மேல் சந்தேகம். பெரிய ஃபைல் காப்பியாகும்போது என்றால் சூடு அல்லது பவர். கேபினெட்டை நகர்த்தினால் என்றால் கேபிள். ரீஸ்டார்ட் செய்தால் வராமல், முழுக்க அணைத்துப் போட்டால் மட்டும் வருகிறது என்றால் பெரும்பாலும் டிரைவுக்குள் இருந்து அதை இயக்கும் சிப்பான கன்ட்ரோலர் தொங்கிப்போகிறது. ரீஸ்டார்ட்டில் டிரைவுக்குக் கரண்ட் நிற்பதில்லை, முழுக்க அணைத்தால்தான் நிற்கும்.

## வழி 1: இருப்பதைச் சரிசெய்து வைத்துக்கொள்வது

தப்பு இடத்திலேயே நிற்கிறது என்றால் இதுதான் உங்கள் வழி. செலவும் குறைவு.

சாட்டா டிரைவானால் டேட்டா கேபிளை மாற்றுங்கள், வேறு போர்ட்டில் செருகுங்கள். பவர் ஒயரை நடுவில் அடாப்டர் எதுவும் இல்லாமல் நேராக எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கொடுங்கள். டிரைவின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற கருவியில் சி7 என்ற வரி, அதாவது 199-ஆம் எண், கேபிளில் வந்த பிழைகளை எண்ணுகிறது. அந்த எண் ஏறும், இறங்காது. அதனால் பழைய எண் பெரிதாக இருக்கிறதே என்று கலங்க வேண்டாம். இன்று எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, கேபிள் மாற்றிய பிறகு ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஏறவில்லை என்றால் திருடன் கேபிள்தான்.

மதர்போர்டிலேயே செருகும் சிறு பலகை வடிவ எம்.2 டிரைவானால் கழற்றித் திரும்பச் செருகி, நுனி ஸ்க்ரூவைச் சரியாக முடுக்குங்கள். அந்த ஸ்க்ரூ இல்லாமலே சுற்றும் லேப்டாப்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஹீட்சிங்க் தடிமனாக இருந்து பலகையை வளைத்தாலும் முனையில் தொடர்பு விட்டுவிட்டு வரும்.

நம் ஊர்க்காரர்கள் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தேவனாம்பட்டினத்திலோ, பாண்டியில் கடலை ஒட்டிய வீதிகளிலோ வீடு என்றால் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து தொடர்புமுனைகளை அரிக்கும். ஜன்னலோரத்தில், தரையோடு தரையாகக் கேபினெட் இருந்தால் இன்னும் மோசம். சுத்தம் செய்ய ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் பஞ்சில்லாத துணியும் போதும். சர்வீஸ் கடைகளில் ரேமைத் தேய்ப்பதுபோலப் பென்சில் ரப்பரால் தேய்க்க விடாதீர்கள். மெல்லிய தங்கப்பூச்சு போய்விடும், அதற்குப் பிறகு உப்புக்கு வழி இன்னும் எளிது.

சூடும் இங்கே சின்ன விஷயம் இல்லை. சாதாரண எஸ்எஸ்டிகள் பலவற்றுக்கு இயங்கும் வெப்ப எல்லை 70 டிகிரி. கத்திரி வெயிலில் அறையே 38 டிகிரியில் இருக்கும்போது, கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் மாட்டிய என்விஎம்இ டிரைவ் (சாட்டாவைவிட வேகமான வகை) அந்த எல்லையைச் சுலபமாகத் தொட்டுவிடும். ஒரு ஹீட்சிங்கும் காற்றோட்டமும் இதற்குப் போதும்.

தூங்கி எழும்போது மறைகிற டிரைவுக்கு அமைப்பை மாற்றிப் பாருங்கள். பவர் ஆப்ஷன்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்பதன் கீழ் இருக்கும் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்டை ஆஃப் செய்வது முதல் வேலை. லினக்ஸானால் என்விஎம்இ டிரைவ் தானாகத் தூங்கப்போவதைக் கெர்னல் அமைப்பிலேயே நிறுத்தலாம். லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி மாணவியின் லேப்டாப் மூடித் திறந்தாலே டிரைவைத் தொலைத்துக்கொண்டிருந்தது. இந்த ஒரு மாற்றமும், மிஷினைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பயாஸின் அப்டேட்டும் போதுமாக இருந்தன. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்குகிறது, அவ்வளவுதான்.

மறைந்திருக்கும் செலவு: காத்திருப்பு. விட்டுவிட்டு வரும் கோளாறு போய்விட்டது என்று ஒரு நாளில் சொல்ல முடியாது. முன்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை மறைந்ததோ அதைப்போல மூன்று மடங்கு நாள் மறையாமல் ஓடினால்தான் நான் நம்புகிறேன். அதுவரை தினமும் பேக்கப். லேப்டாப் இன்னும் வாரண்டியில் இருந்தால், திறக்கும் முன் அதன் விதிகளைப் படித்துவிடுங்கள்.

## வழி 2: ஃபர்ம்வேர் அப்டேட்

பலர் இதைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். ஆனால் டிரைவ் மறைவதற்கு, அதற்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரே காரணமாக இருந்த நிகழ்வுகள் உண்டு. குரூஷியல் எம்4 டிரைவ்கள் மொத்தம் 5,184 மணி நேரம் ஓடிய பிறகு பதில் சொல்லாமல் நின்றன. அணைத்துப் போட்டால் வரும், மணிக்கு ஒருமுறை மறுபடி போகும். தினமும் எட்டு மணி நேரம் திறந்திருக்கும் கடையில் அது ஏறக்குறைய ஒன்றே முக்கால் வருடம். 2012 ஜனவரியில் வந்த 0309 ஃபர்ம்வேர் அதைத் தீர்த்தது. இன்டெல் 320 வரிசையில், கரண்ட் திடீரென்று போன பிறகு டிரைவ் வெறும் 8 எம்பி என்று காட்டியது; 2011-இல் திருத்தம் வந்தது. எச்பிஇ நிறுவனத்தின் சில சர்வர் எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரத்தில் அடியோடு நின்றுவிடும் என்று 2019-இல் அந்த நிறுவனமே எச்சரித்தது.

டிரைவ் தயாரித்த நிறுவனத்தின் கருவியை இறக்கிப் புதிய பதிப்பு உண்டா என்று பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். செலவு கிடையாது. ஆபத்து உண்டு: அப்டேட் நடுவில் டிரைவ் மறைந்தாலோ கரண்ட் போனாலோ டிரைவ் அதோடு போகலாம். காப்பி எடுத்த பிறகு, யூபிஎஸ்ஸோ பேட்டரியோ இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

## வழி 3: வாரண்டிக்கு அனுப்புவது

தப்பு டிரைவோடு போகிறது, காப்பி இருக்கிறது, பில் இருக்கிறது, ஓரிரண்டு வாரம் வேறு டிரைவில் ஓட்ட முடியும். இந்த நான்கும் பொருந்தினால் யோசிக்கவே வேண்டாம். எஸ்எஸ்டிகளுக்கு வழக்கமாக 3 அல்லது 5 வருட வாரண்டி. கூடவே டிரைவில் மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்பதற்கு டிபிடபிள்யூ என்ற ஓர் எல்லை இருக்கும். இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதோடு வாரண்டி முடிந்தது. வீட்டு உபயோகத்தில் பெரும்பாலும் வருடம்தான் முதலில் முடியும்.

பணம் கேட்காத வழி என்று தோன்றும். ஆனால் மறைந்திருக்கும் செலவு இதில்தான் அதிகம்.

முதலாவது, டேட்டா திரும்பி வராது. வாரண்டி டிரைவுக்குத்தான், உள்ளே இருப்பதற்கு இல்லை. மாற்றித் தரும்போது, கேட்டாலும் பழைய டிரைவைத் தர மாட்டார்கள். இரண்டாவது, உள்ளே இருப்பது வேறு கைக்குப் போகிறது. மறைந்துவிட்ட டிரைவை அழித்து அனுப்ப முடியாதே. வாடிக்கையாளரின் ஆதார் நகல்களை வைத்திருக்கும் கணினி மையமோ, வரிக்கணக்கு பார்ப்பவரோ இதை நன்றாக யோசிக்க வேண்டும். ஆரம்பத்திலிருந்தே பிட்லாக்கர் போட்டிருந்தால் இந்தக் கவலை இல்லை.

மூன்றாவது, எனக்கே நடந்தது. சில வருடம் முன்பு நான் அனுப்பிய டிரைவ் மூன்று வாரம் கழித்து "குறை எதுவும் இல்லை" என்ற சீட்டோடு அப்படியே திரும்பி வந்தது. அவர்கள் சோதித்த அரைமணி நேரத்தில் அது ஒழுங்காக ஓடியிருக்கும். வந்து ஐந்தாம் நாள் மறுபடியும் மறைந்தது. இரண்டாம் முறை பயாஸ் திரையில் டிரைவ் இல்லாததை வீடியோ எடுத்தேன். ஈவன்ட் வியூவர் பதிவுகளைப் படம் எடுத்தேன். இரண்டு கம்ப்யூட்டரில் சோதித்ததையும் எழுதி வைத்து அனுப்பினேன். மாற்றித் தந்தார்கள். நீங்கள் முதல் முறையே இப்படி அனுப்புங்கள்.

இன்னும் இரண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றித் தருவது சீர்செய்த பழைய டிரைவாக இருக்கலாம், அதற்குப் பழைய வாரண்டியின் மிச்சம் மட்டுமே இருப்பதும் வழக்கம். லேப்டாப்போடு வந்த டிரைவென்றால் அதற்குப் பொறுப்பு லேப்டாப் நிறுவனம். டிரைவின் மேல் யார் பெயர் அச்சிட்டிருந்தாலும் டிரைவ் நிறுவனம் ஏற்காது.

பில் பற்றி ஒரு வார்த்தை. பாண்டியில் வாங்கினால் விலை குறைவு என்று கடலூரிலிருந்து பஸ் ஏறும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு இரண்டு ஊரிலும் வரி ஒன்றுதான். இப்போது யாராவது நிறையக் குறைத்துக் கொடுத்தால், பில் தருகிறார்களா, டிரைவ் இந்திய வாரண்டியோடு வந்ததா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் நீங்கள் மிச்சம் பிடித்தது இந்த மூன்றாம் வழியின் விலை.

## வழி 4: புதிய டிரைவ்

வாரண்டி முடிந்திருக்கிறது, தப்பு டிரைவில்தான் என்று சோதனை சொல்லிவிட்டது. அல்லது ஒரு நாள்கூட மிஷின் நிற்க முடியாது. அப்போது வாங்குங்கள். டிரைவ் தன் சொந்தப் பெயரை விட்டுவிட்டு "சாட்டாஃபர்ம் எஸ்11" என்று காட்டினால், அல்லது 500 ஜிபி டிரைவ் சில எம்பி என்று காட்டினால், சோதனையே வேண்டாம். கன்ட்ரோலர் உள்ளே கைவிட்டுவிட்டது.

மறைந்திருக்கும் செலவு நேரம்தான். விண்டோஸ், பிரின்டர், தமிழ் ஃபான்ட், டேலி, ஃபோட்டோஷாப் எல்லாம் திரும்ப ஏற்ற ஒரு நாள் முழுக்கப் போகும். பழையதை அப்படியே குளோன் செய்தால் சீக்கிரம் முடியும். ஆனால் தடுமாறும் டிரைவிலிருந்து குளோன் செய்தால் கெட்ட ஃபைல்களும் சேர்ந்தே வரும். நான் புதிதாகவே ஏற்றுவேன். வாங்கும்போது எம்.2 என்பது வடிவம் மட்டுமே என்பதை மறக்காதீர்கள். உங்கள் ஸ்லாட் சாட்டாவை ஏற்குமா, என்விஎம்இ-யை ஏற்குமா என்று மதர்போர்டு கையேட்டில் பாருங்கள். சில போர்டுகளில் எம்.2-வில் டிரைவ் செருகினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்கள் வேலை செய்யாமல் போகும். அதைப் பார்த்துவிட்டு இன்னொரு டிரைவ் கெட்டுவிட்டது என்று பதறியவர்கள் உண்டு.

புதிது வாங்குகிறீர்கள் என்றால் யூபிஎஸ்ஸுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயலையும் 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலையும் பார்த்த கரை இது. புயல் இல்லாத நாளிலும் கரண்ட் போய் வருகிறது. டேட்டா எங்கே இருக்கிறது என்ற பட்டியலை எஸ்எஸ்டி எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் கரண்ட் போனால் அந்தப் பட்டியலே குலையலாம். சர்வர் டிரைவ்கள் பலவற்றில் இதற்காகவே கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. நாம் வாங்கும் சாதாரண டிரைவ்களில் பெரும்பாலும் இல்லை.

## வழி 5: டேட்டா மீட்பு நிலையம்

காப்பி இல்லை, உள்ளே இருப்பது திரும்பக் கிடைக்காதது, டிரைவ் இப்போது வரவே இல்லை. இந்த நிலைக்கு மட்டும்தான் இது. முதல் வேலை, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதை நிறுத்துவது. எஸ்எஸ்டியில் மீட்பது ஹார்ட் டிஸ்க்கைவிடக் கடினம். பல கன்ட்ரோலர்கள் டேட்டாவைப் பூட்டியே எழுதுகின்றன, அதனால் சிப்பை மட்டும் கழற்றிப் படித்தால் ஒன்றும் புரியாது. அழித்த ஃபைல்களின் இடத்தை, விண்டோஸ் டிரைவுக்குக் கொடுக்கும் ட்ரிம் என்ற கட்டளை சீக்கிரமே காலிசெய்துவிடும். புதிய டிரைவின் விலையைப்போலப் பல மடங்கு கேட்பார்கள், வெற்றிக்கு உறுதியும் தர மாட்டார்கள். கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். மீட்பு வேண்டும் என்றால் அதை முடித்துவிட்டுத்தான் வாரண்டி. டிரைவைத் திறந்தால் வாரண்டி போகும், வாரண்டிக்கு அனுப்பினால் டேட்டா போகும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | எப்போது பொருந்தும் | கைச்செலவு | மறைந்த செலவு | டேட்டா |
|---|---|---|---|---|
| சரிசெய்து வைத்துக்கொள்வது | தப்பு கேபிள், ஸ்லாட், சூடு, அமைப்பில் | மிகக் குறைவு | பல நாள் கண்காணிப்பு | அப்படியே இருக்கும் |
| ஃபர்ம்வேர் | புதிய பதிப்பு வந்திருந்தால் | இல்லை | நடுவில் கரண்ட் போனால் ஆபத்து | காப்பி கட்டாயம் |
| வாரண்டி | தப்பு டிரைவில், பில் உண்டு | கூரியர் | நாள், அந்தரங்கம், "குறை இல்லை" பதில் | திரும்பாது |
| புதியது | வாரண்டி இல்லை, அவசரம் | டிரைவ் விலை | ஒரு நாள் வேலை, யூபிஎஸ் | காப்பியிலிருந்து |
| மீட்பு நிலையம் | காப்பி இல்லை, விலைமதிப்பற்றது | மிக அதிகம் | உறுதி இல்லை | கிடைக்கலாம் |

ஸ்டுடியோ, கணக்கு அலுவலகம் போல மிஷின் நின்றால் வருமானம் நிற்கும் இடமென்றால், நான் நான்காம் வழியையும் மூன்றாம் வழியையும் சேர்த்தே சொல்வேன். புதியதை இன்றே போட்டு வேலையைத் தொடருங்கள். பழையதை வாரண்டிக்கு அனுப்பி, வருவதைப் பேக்கப் டிஸ்க்காக வைத்துக்கொள்ளுங்கள். படிக்கிற பிள்ளையின் லேப்டாப் என்றால் முதல் இரண்டு வழிகளையும் முழுதாக முயலாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

சரிசெய்து ஓடிக்கொண்டிருக்கும் டிரைவை நான் மறுபடி விண்டோஸ் இருக்கும் இடத்தில் உடனே போடுவதில்லை. மறைந்த தேதிகளையும் சி7 எண்ணையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி அதன் மேலேயே ஒட்டி, ஆறு மாதம் தற்காலிக ஃபைல்களுக்கு மட்டும் பயன்படுத்துகிறேன். ஸ்டிக்கரில் புதிய தேதி சேராமல் ஆறு மாதம் போனால் பழைய இடத்துக்குத் திரும்பும். சேர்ந்தால், அன்றைக்கே கழற்றிவிடுகிறேன்.